பறைக்கும் ஒரு பட்டயம்

(கூரத்தில் நடைபெற்ற நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு மாலை வகுப்பு நடத்திய நாளில் நம் கழகத்திடம் ஒரு கரும்பலகையும் இரண்டு பாய்களும் மட்டுமே இருந்தன. இன்று நம் பிள்ளைகளில் பொறியாளர் உண்டு, செவிலியர் உண்டு, என்னைப் போன்ற ஆசிரியர் பலர் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் பெற்றவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியோர் அழகுற எடுத்துரைத்தார்கள். நான், இந்தக் காலத்தில் நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இம்மேசையின் மீது ஒரு பறை இருப்பதை நீங்கள் காண்கிறீர்கள். அதன் சட்டத்தில் ஒரு சிறு சீட்டு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. அச்சீட்டில் ‘எண் 1’ என்று எழுதியிருக்கிறோம். இன்று காலை நம் மாணவர்கள் இதற்கு எண் இட்டார்கள். ஓர் இசைக்கருவிக்கு எண் இடுவதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கூறவே வந்திருக்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கூரம் சாதாரணமான ஊர் அன்று. பதிவு என்பதன் வலிமையை உலகுக்குக் காட்டிய ஊர் இது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையைச் செப்பேட்டில் எழுதுவித்தான். கூரம் செப்பேடு என வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். அறிஞர் ஹூல்ஷ் அதனை 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டார். பரமேசுவரமங்கலம் என்னும் ஊரை 25 பங்காகப் பிரித்து, மூன்று பங்கு வழிபாட்டிற்கும் கோயில் பழுதுபார்ப்பிற்கும், ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் அளிப்பதற்கும், ஒரு பங்கு அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும், எஞ்சிய இருபது பங்கு வேதம் வல்ல அந்தணர் இருபதின்மருக்கும் என்று அச்செப்பேடு கூறுகிறது. பாலாற்றிலிருந்து நீர் கொணரும் கால்வாயையும் ஏரியையும் அது சொல்கிறது. 1300 ஆண்டுகள் கடந்தும் யாருக்கு எத்தனை பங்கு என்பது மாறாமல் நிற்கிறது. ஆனால் அந்த ஏரியை வெட்டிய கைகள் யாருடையவை? அதில் அவர்கள் பெயர் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்கள் அங்கு வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பறைச்சேரி என்னும் சொல்லும் அக்கல்வெட்டுகளில் வருகிறது, எங்கே வருகிறது? வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஓர் இடமாக வருகிறது. சேரி பதிவாயிற்று, சேரியில் வாழ்ந்தவன் பதிவாகவில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. மக்களாட்சிக்கு முன்னோடி என்று நாம் பாடநூலில் கற்பிக்கிறோம், கற்பிக்க வேண்டியதே. எனினும் அக்குடத்தில் போடும் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே நான் வகுப்பில் கற்பிக்கிறேன்.

நண்பர்களே, இதனால் நாம் அறிவது என்ன? பதிவேட்டை எழுதுபவன் யாரோ, அவன் கண்ணில் பட்டதே வரலாறாகிறது. ஆகவே நம் பதிவேட்டை நாமே எழுத வேண்டும்.

பறையின் பழமையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பறைதல் என்றால் பேசுதல், அறிவித்தல் என்பது பொருள். மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்லுதல்தான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று பின்வந்தோர் பெயர் வகுத்தனர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை எண்ணிச் சொல்லும்போது முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களைத் தருகிறார்.

இப்பெயர்கள் எல்லாம் நம்மிடம் உள்ளன. ஆனால் மீன்கோட்பறை எப்படி ஒலித்தது? யாருக்கும் தெரியாது. யாழின் கதையும் இதுவே. இலக்கியம் நெடுகிலும் பெயர் இருக்க, கருவி மறைந்துபோயிற்று. மட்டக்களப்பில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டே அதன் அமைப்பை நமக்கு மீட்டுத் தர வேண்டியதாயிற்று. பெயரை மட்டும் எழுதி வைத்தால் பேரறிஞர் ஒருவர் வந்து உழைக்க வேண்டும். அளவையும் ஒலியையும் எழுதி வைத்தால் நம் பேரப்பிள்ளையே செய்துகொள்வான்.

இனி என் சொந்தக் குறை ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தந்தையார் பறை இசைப்பதில் கைதேர்ந்தவர். நான் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது, ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், “நேற்று உன் அப்பனுக்கு எந்தச் சாவில் வேலை?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து, “நீங்கள் இனிப் பறை எடுத்தால் நான் பள்ளிக்குப் போகமாட்டேன்” என்று தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. பறையைப் பரணில் ஏற்றிவிட்டார். தோலை எலி தின்றது. ஒரு மழைக்காலத்தில் விறகு நனைந்துபோயிருந்தபோது சட்டம் அடுப்புக்குப் போயிற்று. நான் பட்டம் பெற்றேன். ஆசிரியப் பயிற்சியும் பெற்றேன். என் தந்தையார் காலமான அன்று வேற்றூரிலிருந்து வந்த கலைஞர்களே அடித்தார்கள். அவர் அறிந்த அடிகளுள் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. அவருடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதிலும் அவர் கையில் பறை இல்லை. நான் வேண்டாம் என்றதனால் இல்லை.

சிரித்த வகுப்பை நான் மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி என் தந்தையாரின் கலையை அடுப்பிலிட்ட என்னை மன்னிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

நம் பெரியோர் சிலர் இதற்கு மறுப்புக் கூறுவதை நான் அறிவேன். “பறையைக் கீழே வைத்த பிறகுதானே தம்பி நாம் நிமிர்ந்தோம்? மறுபடியும் தோளில் மாட்டச் சொல்கிறாயா?” என்று இம்மேடைக்கு வருமுன்னரே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூலி என்ற பெயரில் எறிந்த தானியத்துக்காக, பிறர் வீட்டுப் பிணத்தின் முன் விடியும்வரை நின்று அடித்தவர்கள் அவர்கள். மாட்டேன் என்று மறுத்ததற்காக அடியும் ஊர்விலக்கும் பட்ட நம் மக்கள் தமிழகத்தில் பல ஊர்களில் உண்டு. அந்த மறுப்பு நம் வரலாற்றின் வீரம் நிறைந்த பக்கம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆயினும் கட்டாயத்தால் அடித்த கை வேறு. விருப்பத்தால் அடிக்கும் கை வேறு. நாம் எறிய வேண்டியது அடிமைத்தனத்தை, அறிவை அன்று. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஈன்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். இழிவென்று பிறர் சொன்ன பெயரையே தலைப்பாக அச்சிட்டு, அதன் வாயிலாக அரசிடம் உரிமை கேட்டார். பெயரை மறைக்காமலே இழிவைத் துடைக்கலாம் என்பதற்கு அவர் சான்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து மேடை ஏறினார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. சாவு வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்ற கருவி குடியரசுத் தலைவர் மாளிகை வரை சென்றிருக்கிறது.

ஆகவே பதிவேட்டில் அழகை மட்டும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எவ்வடி எந்நிகழ்ச்சிக்கு உரியது என்று எழுதுவதைப் போலவே, எந்த இடத்தில் நின்று அடித்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எந்த ஆண்டில் அடிக்க மறுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். மறுத்தவர் பெயரும் அடித்தவர் பெயரும் ஒரே ஏட்டில் நிற்க வேண்டும். இருவரும் நம் முன்னோரே.

ஒலியைப் பதிவு செய்து காப்பது புதிய எண்ணம் அன்று. பெர்லின் நகரில் 1900ஆம் ஆண்டிலேயே மெழுகு உருளைகளில் உலக இசையைச் சேர்க்கும் காப்பகம் தோன்றியது. ஆலந்து நாட்டு அறிஞர் ஆர்னால்ட் பேக் 1938இல் தென்னிந்தியாவில் இசைப் பதிவுகள் செய்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளின் படிகளோடு அதே வழியில் மீண்டும் வந்து, பாடியவர்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் தேடினார்கள். 46 ஆண்டுகளுக்கு முன் ஒலித்ததை அவ்வூராரே கேட்க முடிந்தது. என் தந்தையாரின் அடியைக் கேட்க எனக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. ஆனால் அன்று அதற்கு வண்டி நிறையக் கருவியும் வெளிநாட்டு அறிஞரும் தேவைப்பட்டனர். இன்றோ உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே போதும். தேவைப்படுவது ஒழுங்கு ஒன்றுதான்.

சென்ற ஆண்டு நானும் மாணவர் நால்வரும் பக்கத்து ஊரில் எழுபதைக் கடந்த ஒரு கலைஞரை அணுகினோம். எங்கள் தவறுகளையும் சேர்த்துச் சொல்கிறேன். அவை உங்களுக்குப் பயன்படும். முதல் நாள் கைபேசியை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பதிந்தோம். பறையின் முழக்கம் தாங்காமல் ஒலி உடைந்து இரைச்சலாயிற்று. மறுமுறை பத்தடி தள்ளி வைத்தோம், ஒலி தெளிந்தது. அடுத்ததாக, அந்தப் பதிவுகளை ஒரே மாணவரின் கைபேசியில் வைத்திருந்தோம். அது ஏரியில் விழுந்தது. இரண்டு நாள் உழைப்பும் அதனோடு போயிற்று. மூன்றாம் முறை போனபோது அப்பெரியவர் சிரித்துக்கொண்டே, “நான் இருக்கிறவரைக்கும் வாங்க சார், அப்புறம் எங்க போவீங்க?” என்றார். அச்சிரிப்பு எனக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை.

அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். “சார், என் பேரைப் போடுவீங்களா, இல்ல மேளக்காரன்னு மட்டும் எழுதுவீங்களா?” என்பது ஒன்று. சாவடியை வீட்டு வாசலில் காரணமின்றி அடிக்கமாட்டேன் என்பது மற்றொன்று. அவர் விருப்பப்படியே அதனை ஏரிக்கரையில் பதிந்தோம். பெயரைப் பற்றிய அவர் கேள்விக்கு இன்று இந்தச் சீட்டுதான் விடை. எண் ஒன்றுக்குரிய ஏட்டின் முதல் வரியில் அவர் பெயரே இருக்கிறது. இப்பறையும் அவர் செய்ததே.

எண்முறைப் பதிவேடு, அதாவது நம் பிள்ளைகள் ‘டிஜிட்டல்’ என்று சொல்லும் பதிவேடு, எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, அடையாளம். கருவிக்கு ஓர் எண். அதன் ஊர்ப்பெயர் பறையா, தப்பா, தப்பட்டையா, மேளமா என்பது. செய்தவர் பெயர், இசைப்பவர் பெயர், ஊர், ஆண்டு. நூற்பெயரை எழுதிவிட்டு ஊர்ப்பெயரை விட்டுவிடக் கூடாது. இதனோடு உலகளாவிய வகைப்பாட்டு எண்ணையும் எழுதலாம். ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்னும் இரு அறிஞர் 1914இல் வகுத்த முறைப்படி, கைப்பிடியில்லாத ஒருமுகச் சட்டப் பறைக்கு எண் 211.311. கச்சேரி மேடையில் பக்கவாத்தியமாக வீற்றிருக்கும் கஞ்சிராவுக்கும் அதே வகுப்புதான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த எண் சாதி அறியாது.

இரண்டாவது, உடலமைப்பு. முகத்தின் விட்டம், சட்டத்தின் அகலம், கனம், எடை ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். சட்டம் பெரும்பாலும் மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, உட்புறம் உலோகத் தகட்டால் இணைத்து வட்டமாக்கப்படுவது. எந்த மரம், எத்தனை தகடு என்று குறிக்க வேண்டும். தோல் எத்தகையது, மயிர் நீக்கிப் பதப்படுத்திய முறை எது, சட்டத்தில் ஒட்டிய புளியங்கொட்டைப் பசையை எவ்வாறு காய்ச்சினார்கள் என்பதைச் செய்பவர் வாய்மொழியாகவே பதிய வேண்டும். வலக்கையில் பிடிக்கும் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையில் பிடிக்கும் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் கருவியின் பகுதியே. குச்சியை விட்டுவிட்டுப் பறையை மட்டும் பதிவது, எழுத்தாணியை விட்டுவிட்டு ஓலையைப் பதிவதற்கு ஒப்பாகும். இன்று இரும்பு வளையமும் பிளாஸ்டிக் முகமும் பெருகிவிட்டன. அவற்றையும் வெறுக்காமல் பதியுங்கள். எப்போது, ஏன் மாறியது என்பதும் வரலாறே.

மூன்றாவது, படம். முன், பின், பக்கம், இணைப்புத் தகடு, குச்சிகள் என ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் எண் சீட்டும் தெரிய வேண்டும். அளவுகோல் இல்லாத படம் அழகுக்கு உதவும்; மீண்டும் ஒரு பறையைச் செய்வதற்கு உதவாது.

நான்காவது, ஒலி. ஒலிக்காப்பக வல்லுநர் பரிந்துரைப்பது சுருக்காத ‘வேவ்’ கோப்பு. வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட். கைபேசியிலேயே இதற்கான செயலிகள் கிடைக்கின்றன. தீயில் காய்ச்சுவதற்கு முன் ஒரு முறையும், வைக்கோல் தீயில் காய்ச்சிய பின் ஒரு முறையும் பதிய வேண்டும். தோலிலுள்ள ஈரம் நீங்கி இறுக்கம் மிகும்போது சுருதி உயர்வதை நம் மாணவர் அறிவியல் பாடமாகவே அதில் கேட்கலாம். ஒவ்வோர் அடியையும் முதலில் மெதுவாகவும், பின்னர் உரிய விரைவிலும் பதிய வேண்டும். கலைஞர் அவ்வடியை வாயால் சொல்லும் சொற்கட்டையும் தவறாமல் பதியுங்கள். பறை ஓய்ந்தாலும் அச்சொற்கட்டே அடுத்த தலைமுறைக்கு ஆசான் ஆகும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. மூன்று படிகள் வேண்டும். இரு வேறு வகைச் சாதனங்களில் வேண்டும். ஒரு படி வேற்றூரில் இருக்க வேண்டும். ஏரியில் விழுந்த கைபேசி எங்களுக்குக் கற்பித்த பாடம் இது. மேலும் மின்பதிவு செப்பேடு அன்று. செப்பேட்டை மண்ணில் புதைத்தால் 1000 ஆண்டு கழித்தும் படிக்கலாம். மின்பதிவை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய சாதனத்துக்கு மாற்றாவிட்டால் அது ஊமையாகிவிடும். ஆகவே இது ஒரு நாள் விழா வேலை அன்று. கழகத்தின் நிரந்தரக் கடமை.

ஆறாவது, உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், நிகழ்த்தும் கலைஞருக்கும் தம் நிகழ்ச்சியின் மீது தனி உரிமை வழங்கியது. கலைஞரின் இசைவைத் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். எதை எல்லோரும் கேட்கலாம், எதை ஊரார் மட்டும் கேட்கலாம், எதை எவரும் விற்கக் கூடாது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் கேட்டால் பதிவின் படியை முதலில் அவருக்கே அளியுங்கள். நம் கலையைப் பிறர் எடுத்துச் சென்றதைக் குறை கூறும் நாமே, நம் பெரியவரிடமிருந்து கேளாமல் எடுக்கலாகாது.

இளைஞர்களே! இவ்வூரில் பிறந்தவர் கூரத்தாழ்வான். இராமானுசரோடு காசுமீரம் சென்றபோது, கிடைத்தற்கரிய ஒரு நூலை அதன் உடைமையாளர் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், இரவுதோறும் அதைப் படித்து மனத்தில் பதித்திருந்த கூரத்தாழ்வானே அதனை மீட்டுத் தந்ததாகவும் வைணவ மரபு கூறுகிறது. ஏடு போனாலும் நெஞ்சிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்பது அக்கதை. நமக்கோ ஏடே இருந்ததில்லை. நெஞ்சு மட்டுமே இருந்தது. அந்த நெஞ்சுகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன.

எனவே என் வேண்டுகோள் எளியது. நம் கழகத்தில் பயின்ற ஒவ்வோர் இளைஞரும் அடுத்த பொங்கலுக்குள் ஒரு கருவியை, ஒரு கலைஞரைப் பதிய வேண்டும். பறையாயினும் சரி, உடுக்கையாயினும் சரி, பம்பையாயினும் சரி. உங்கள் வீட்டுப் பரணை முதலில் பாருங்கள். அங்கு ஒரு சட்டம் தோலின்றிக் கிடந்தால் அதையும் எறியாதீர்கள், அளந்து எழுதுங்கள். உங்கள் பாட்டனாரோ பெரியப்பாவோ உயிரோடிருந்தால், இன்று மாலையே போய் அருகில் அமருங்கள். பதிவு பிறகு ஆகட்டும், முதலில் கேளுங்கள். “அந்த அடி எப்படி இருக்கும் தாத்தா?” என்று ஒரு பேரன் கேட்கும்வரை சொல்லாமலே காத்திருப்பவர்கள் பலர்.

என் தந்தையாரை நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பறை என்றால் பேசுதல் என்றேன். நம் முன்னோர் அரசன் செய்தியை, ஊரார் செய்தியை, பிறர் சாவை, பிறர் மணத்தை எல்லாம் பறைந்தார்கள். தம்மைப் பற்றி மட்டும் பறையவில்லை. இனி அது பேசட்டும். எண் ஒன்று இம்மேசையில் இருக்கிறது. எண் இரண்டு உங்கள் வீட்டில் இருக்கிறது.